கூழாங்கல் கரையின் நாற்பத்து நான்கு சுருள்கள்

வால்தம்ஸ்டோ, லண்டன்
1929 செப்டம்பர் 2, திங்கள்

ஹெஸ்டர்,

பதினைந்து வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். கடிதத்தை அடுப்பில் போட உனக்கு உரிமை உண்டு. போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடு.

கம்பெனி போய்விட்டது. பேசும் படம் வந்த பிறகு நம் கண்ணாடிக் கொட்டகைக்கு என்ன வேலை? கூரையில் நாலு தூறல் விழுந்தால் நடிகன் பேசுவது நடிகனுக்கே கேட்காது. மெத்தை தைக்கிற ஒருவன் இடத்தை வாங்கியிருக்கிறான். "வெளிச்சம் நல்லாருக்கு சார், ஊசில நூல் கோக்க விளக்கே வேண்டாம்" என்று என்னிடமே சொன்னான்.

இருபத்தோரு வருடத்தில் நான் எழுதி இயக்கியவை நூற்றுப் பன்னிரண்டு படங்கள். கம்பெனியை மூட வந்திருக்கும் அதிகாரி டக்கெட் அவற்றை எடை போட்டு விற்கிறார். வாங்குபவர்கள் பிலிமை வெந்நீரில் போட்டுக் கரைத்து வெள்ளியை எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சம் வார்னிஷ் ஆகிறது. என் கதாநாயகிகள் எல்லாரும் இப்போது யார் வீட்டு நாற்காலியிலோ பளபளக்கிறார்கள்.

ஒரு படம் மட்டும் தப்பியிருக்கிறது. 'கூழாங்கல் கரை'. 1912இல் உங்கள் ஸ்டெய்த்ஸ் கிராமத்தில் எடுத்தோமே, அதுதான். பென்வார்டன் என்று ஒருவர். பழைய படங்களைத் தேடிப் பிடித்து ஞாயிறு பிற்பகல்களில் திரையிடும் ஒரு சங்கத்தை நடத்துகிறார். சிறுவயதில் அந்தப் படத்தைப் பார்த்தாராம். நெகட்டிவை வரிசையாக ஒட்டிக் கொடுத்தால் ஒரு பிரதி எடுத்துத் திரையிட்டு, நெகட்டிவையும் தன் இரும்பு அலமாரியில் வைத்துக் காப்பாற்றுவதாகச் சொல்கிறார். டக்கெட் செப்டம்பர் முப்பதுவரை தவணை கொடுத்திருக்கிறார்.

சிக்கல் உனக்கே தெரியும். நெகட்டிவ் கதை வரிசையில் இல்லை. இரவுக்கு நீலம், தீக்குச் சிவப்பு என்று பிரதியில் ஏற்றிய சாயத்தின் வரிசையில், நாலு டப்பாவில் இருக்கிறது. நீலம் பதினொன்று, மஞ்சள் பத்தொன்பது, பச்சை எட்டு, சிவப்பு ஆறு. நாற்பத்து நான்கு சிறு சுருள்கள். பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. எழுத்துப் பிரதி எந்தக் காலத்திலும் கிடையாது, நான் சிகரெட் அட்டையின் பின்னால் எழுதுகிறவன். நாலு நாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். என் படம் எனக்கே நினைவில்லை, ஹெஸ்டர்.

சும்மா இருக்கவில்லை. எல்லாச் சுருளையும் துடைத்து, நொறுங்கிச் சுருண்டிருந்த வால் நுனிகளை வெட்டி, சுத்தமாக வைத்திருக்கிறேன். எது முதல், எது அடுத்தது என்று மட்டும் சொல்.

கி. ராட்லி


விட்பி
செப்டம்பர் 7

திரு. ராட்லி அவர்களுக்கு,

நான் இப்போது மிஸஸ் ஹார்லண்ட்.

நெகட்டிவின் வரிசை எழுதப்பட்டுத்தான் இருந்தது. ஒவ்வொரு சுருளின் வால் நுனியிலும், வெற்றுப் பகுதியில், மையால் ஓர் எண். ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக. ஒட்டும் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். எந்தக் கொட்டகையிலும் எந்த ஒட்டுகாரியும் முதலில் வாலைத்தான் பார்ப்பாள். நீங்கள் வாலை வெட்டிவிட்டீர்கள்.

வெட்டிய துண்டுகள் குப்பைக் கூடையில் இருந்தால் இன்றே எடுத்து வையுங்கள். வெட்டு விளிம்பைப் பொருத்திப் பார்த்தால் எது எதனுடையது என்று தெரிந்துவிடும்.

இதற்கு மேல் உதவ எனக்கு மனமில்லை. காரணம் மறந்திருக்கலாம், அதனால் எழுதுகிறேன். 1914 மே மாதம், சினிமாப் பத்திரிகைக்காரர் ஒருவர் கொட்டகைக்கு வந்தார். 'கூழாங்கல் கரை'யின் கதை எங்கே கிடைத்தது என்று உங்களைக் கேட்டார். "ஒரு நாள் கடலைப் பாத்துட்டு நின்னேன், தானா வந்துது" என்றீர்கள். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார். "இதுவா? நம்ம கத்திரிக்கோல்காரி. நான் யோசிப்பேன், இவ ஒட்டுவா" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தக் கதை என் அண்ணன் ஐசக் மூழ்கிய கதை. மதிய இடைவேளையில் உங்களுக்கு நான் சொன்னது. அந்தச் சனிக்கிழமை வேலையை விட்டேன். ஏன் போகிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை.

ஹெ. ஹார்லண்ட்


வால்தம்ஸ்டோ
செப்டம்பர் 11

ஹெஸ்டர்,

துண்டுகள் இல்லை. வெள்ளிக்கிழமையே பெருக்கி எடுத்துப் போய்விட்டார்கள். எண்களைப் பார்த்தேன். பிலிம் தொழிற்சாலை போட்ட எண் என்று நினைத்தேன். இந்தத் தொழிலில் இருபத்தோரு வருடம் இருந்தவன் சொல்கிறேன், இதைக் கேட்டு நீ சிரித்தால்கூடத் தேவலை.

அந்த மே மாத நாளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் பக்கத்தில் நான் அப்படிச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில், சொன்னேன், ஆனால் வேடிக்கைக்கு என்று எழுதியிருந்தேன். சொன்னேன். கதை உன்னுடையது. நீ ஏன் போனாய் என்பதும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

போன வாரம் பேசும் படம் எடுக்கிற ஒரு ஸ்டூடியோவில் வேலை கேட்கப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. "உங்களுக்கு வசனம் எழுத வருமா சார்?" என்றார்.

"ஒரு வார்த்த பேசாம ஜனங்கள அழ வச்சவன்யா நான்."

"அதத்தான் சார் கேக்கறேன். பேச வச்சு அழ வைக்க வருமா?"

வராது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆக, இந்த நாலு டப்பாதான் நான். இது போனால் ராட்லி என்று ஒருவன் படம் எடுத்தான் என்பதற்கு வீட்டுக்காரியின் சாட்சிகூட இருக்காது. அவள் என்னை வாடகை தராத பியானோ வாத்தியார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எண் இல்லாவிட்டால் என்ன, உன் தலையில் வரிசை இருக்கும். நீ அதை மூன்று வாரம் விரலால் தொட்டு ஒட்டியவள். நான் தொட்டதே இல்லை.

இதுவரை நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: மஞ்சள் டப்பாவில் கல்யாணக் காட்சிகள் நாலு இருக்கின்றன, நம் கதாநாயகி மிஸ் லாரிமர் வெள்ளை உடையில். அதைத் தொடக்கத்தில் வைத்துவிட்டேன்.

ராட்லி


விட்பி
செப்டம்பர் 19

திரு. ராட்லி அவர்களுக்கு,

படத்தில் கல்யாணம் இல்லை. நீங்கள் பார்ப்பது நெகட்டிவ். அதில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். மிஸ் லாரிமர் அணிந்திருப்பது துக்க உடை. அந்த நான்கும் கடைசிக்குப் பக்கத்தில் வர வேண்டியவை.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. பிறகு, இவரை இப்படியே விட்டால் ஐசக்கின் சாவைக் கல்யாணமாக ஒட்டிவிடுவார் என்று பயம் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, முதல் தலைப்பு அட்டையில் 'கதை: ஹெஸ்டர் வெரில்' என்று என் பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்க வேண்டும். படத்தின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் அல்ல, தனி அட்டையில். இரண்டு, நான் சொல்லும் முறையில்தான் வேலை நடக்க வேண்டும்.

முறை இது. எல்லாச் சுருளையும் டப்பாவை விட்டு வெளியே எடுங்கள். சுவரில் ஆணி வரிசை இருக்கும், இல்லாவிட்டால் அடியுங்கள். ஒவ்வொரு சுருளின் தலையையும் ஆணியில் மாட்டி, மீதியைக் கீழே துணி விரித்த கூடையில் விடுங்கள். கதை முழுவதும் உங்கள் கண் முன்னால் வரிசையாகத் தொங்கும்வரை ஓரிடத்திலும் பசை வைக்காதீர்கள். டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு யோசித்தால் சாயம்தான் நினைவுக்கு வரும், கதை வராது.

தனித் தாளில் முப்பத்தைந்து சுருள்களுக்கு இடம் குறித்திருக்கிறேன். எதில் என்ன தெரியும் என்றும் எழுதியிருக்கிறேன். உதாரணமாக, நீலம் எல்லாம் இரவு என்று நினைக்காதீர்கள். மூன்று நீலம் விடியற்காலைக் கடல். படகுத்துறையில் ஒரு காது மடங்கிய நாய் நிற்கும். நாய் இடப்பக்கம் இருந்தால் பதினான்கு, வலப்பக்கம் இருந்தால் பதினேழு. மீதி ஒன்பதுக்கு இடம் சொல்ல முடியவில்லை. எதில் எது என்று நினைவு குழம்புகிறது. யோசிக்கிறேன்.

என் கணவர் ரூபன் படகு பழுது பார்க்கிறவர். நான் மூன்று நாளாக எழுதுவதைப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு வருஷமா அந்த ஆள வாய் ஓயாமத் திட்டின. இப்ப அவனுக்கே எட்டுப் பக்கம் எழுதற" என்றார்.

"அவனுக்கு இல்ல, படத்துக்கு."

"படம் வந்து தபால்காரன்கிட்ட கையெழுத்துப் போட்டு வாங்கிக்குமா?"



ஹெ. ஹார்லண்ட்


வால்தம்ஸ்டோ
செப்டம்பர் 26

ஹெஸ்டர்,

முதல் அட்டை நீ கேட்டபடியே, தனியாக. பென்வார்டனிடம் சொல்லிவிட்டேன். "அப்ப நீங்க?" என்று கேட்டார். "நான் கடலைப் பாத்துட்டு நின்னவன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

பழைய ஒட்டு அறையில் உன் சுவரில் ஆணிகள் அப்படியே இருக்கின்றன. முப்பத்தைந்தும் தொங்குகின்றன, மீதி ஒன்பதும் ஓரமாக ஒரு கூடையில் இருக்கின்றன. பூதக்கண்ணாடியோடு ஆணி ஆணியாக நடக்கிறேன். காது மடங்கிய நாயைக் கண்டுபிடித்தபோது கத்திவிட்டேன். கீழே மெத்தைக்காரன் பயந்துபோய் ஏணியை எடுத்துக்கொண்டு வந்தான். நான் எடுத்த படத்தை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். நன்றாக இருக்கிறது, ஹெஸ்டர். இன்னும் பத்துப் படம் இப்படி எடுத்திருக்கலாம். உன்னைப் போகவிட்ட பிறகு நான் எடுத்தது எல்லாம் துரத்தலும் கேக் வீச்சும்தான்.

மீதி ஒன்பதில் இரண்டு, படத்தின் முடிவு. ஒன்று தியேட்டர்காரர்களுக்காக நான் சேர்த்தது: புருஷன் கரையேறித் தொப்பியை ஆட்டிக்கொண்டு வருகிறான், அவள் ஓடுகிறாள். இன்னொன்று உன்னுடையது. எறிந்துவிட்டேன் என்று அப்போது உன்னிடம் சொன்னேன். எறியவில்லை. பச்சை டப்பாவின் அடியில், துணியில் சுற்றி இருந்தது. சுற்றி வைத்தது நான்தான். ஏன் வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

எந்த முடிவை மாட்டட்டும்?

டக்கெட்டைப் போய்ப் பார்த்தேன். "அக்டோபர் பதினஞ்சு வரைக்கும் பாத்துக்குங்க, அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்றார். நாலு டப்பாவின் மேலும் 'எடுக்காதே' என்று அவரே சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மீதி ஏழுக்கும் இடம் சொல்லிவிட்டால் ஒரு நாளில் ஒட்டிவிடுவேன்.

ராட்லி


(உறையிலிட்டு முகவரி எழுதப்பட்டது. தபாலில் சேர்க்கப்படவில்லை.)

வால்தம்ஸ்டோ
அக்டோபர் 7, திங்கள்

ஹெஸ்டர்,

போய்விட்டது.

காலை பத்து மணிக்குப் பிரதி எடுக்கும் தேதியைக் கேட்க பென்வார்டனிடம் போனேன். பதினொன்றரைக்குத் திரும்பி வந்தபோது முற்றத்தில் வெள்ளி எடுப்பவர்களின் வண்டிக்காரர் ரசீது எழுதிக்கொண்டிருந்தார். பழைய பிலிமின் கடைசி நடை அது. மாடியில் இருந்ததை ஏற்றிய முதல் நடை அதற்கு முன்பே போய்விட்டது. நான் மாடிக்கு ஓடினேன். நாலு டப்பாவும் மேஜையில் வரிசையாக இருந்தன, சீட்டோடு, காலியாக. ஆணிகளில் ஒன்றும் இல்லை. கூடைகள் இல்லை.

"சீட்டு ஒட்டின டப்பாவத் தொடாதேன்னாங்க. தொடல. நீங்களே எண்ணிப் பாத்துக்குங்க" என்றார் வண்டிக்காரர்.

"கூடையில இருந்தது?"

"கூடையில இருக்கறது கழிவு. எந்தக் கொட்டகையிலயும் அதான சார் வழக்கம்? டப்பாவுல இருந்தா சரக்கு, கூடையில இருந்தா கழிவு. இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

அதுதான் வழக்கம். இந்தக் கொட்டகையில் அதைச் சட்டமாக எழுதி மாட்டியதே நான்.

அவர்கள் பட்டறை இரண்டு மைல். அவர் வண்டியிலேயே ஏறிப் போனேன். முதல் நடைச் சரக்கைத் தொட்டியில் போட்டாகிவிட்டது. ஏற்கெனவே கழுவி எடுத்ததைக் கொடியில் துணி மாதிரி காயப்போட்டிருந்தார்கள். பிம்பம் எதுவும் இல்லை. அந்தப் பக்கம் நிற்கிற ஆளின் சட்டைப் பொத்தான் தெரிகிறது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன், எது என்று தெரியவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது.

வெளியே எடுத்து மாட்டச் சொன்னது நீ. இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். நீ சொன்னது சரி. ஒட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போயிருக்க வேண்டியவன் நான். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்தால் நீ அதை நம்ப மாட்டாய். உன் எட்டுப் பக்கத்தால்தான் போனது என்று நினைப்பாய். எப்படி மாற்றி எழுதினாலும் அப்படித்தான் படிக்கிறது.

கிளெமென்ட்


விட்பி
அக்டோபர் 8

முதலாளி,

பழைய பழக்கத்தில் கை எழுதிவிட்டது, இருக்கட்டும்.

ஏழுக்கும் இடம் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டெய்த்ஸுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். படம் பிடித்த பன்னிரண்டு நாளும் அவள் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தவள். எண்பது வயதில் நேற்றைய சாப்பாடு நினைவில்லை, அந்தப் பன்னிரண்டு நாள் நினைவிருக்கிறது.

சிவப்பு இரண்டும் உப்புக் கொட்டகை தீப்பிடிக்கும் காட்சி: இருபத்திரண்டு, இருபத்து மூன்று. மஞ்சளில் கதவை உள்ளேயிருந்து பார்ப்பது ஒன்பது. அதே கதவு திறந்தபடி இருந்தால் முப்பத்தாறு. பச்சையில் மலைப்பாதை ஏறுவது ஐந்து, இறங்குவது நாற்பது. கடைசியாக ஒரு சுருளில் இரண்டு கை மட்டும் தெரியும், கத்தியும் ஹெர்ரிங் மீனும். அது நாற்பத்திரண்டு. அது மிஸ் லாரிமரின் கை அல்ல. அவர் மீனைத் தொட மாட்டேன் என்றதால் அம்மாவை உட்கார வைத்து எடுத்தீர்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"என்னையவா படம் புடிச்சாங்க? அன்னிக்குத் தலகூட சீவலயேடி."

"தல தெரியாதும்மா, கை மட்டுந்தான்."

"அப்ப அந்தப் பொம்பள மூஞ்சிக்கு என் கையா? பொருத்தமாத்தான் இருக்கும், போ."

நாற்பத்து மூன்றாவதாக முடிவு. உங்களுடையதை எறிந்துவிடுங்கள். என்னுடையதை மாட்டுங்கள். அது நான் கற்பனை செய்ததும் அல்ல. படகு ஐசக் இல்லாமல் திரும்பியதும், சொல்வதற்கு இரண்டு பேர் வந்தார்கள். அம்மா துறையில் மற்றப் பெண்களோடு மீன் வகிர்ந்துகொண்டிருந்தாள். அவர்கள் வாயைத் திறக்கும் முன், "இத முடிச்சுட்டு வரேன், அங்கயே நில்லுங்க" என்றாள். தொட்டியில் பாதி மீன் இருந்தது. முழுதும் முடித்தாள். அவர்கள் நின்றார்கள். நானும் நின்றேன்.

நீங்கள் அதை எறியாமல் வைத்திருந்தீர்கள் என்று படித்தபோது கடிதத்தை மடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் வந்தேன். அதைப் பற்றி வேறு எழுதத் தெரியவில்லை.

ஒட்டும்போது பசை கொஞ்சமாக வையுங்கள். உங்களுக்கு எப்போதும் கை தாராளம்.

ஹெஸ்டர்


வால்தம்ஸ்டோ
அக்டோபர் 21, திங்கள்

அன்புள்ள ஹெஸ்டர்,

தாமதத்துக்கு மன்னிப்பு. வேலை முடிந்தது. நேற்று ஞாயிறு பிற்பகல் படத்தைத் திரையிட்டார்கள். வேறொரு படம் வர வேண்டிய இடத்தில் திடீரென்று போட்டதால் உனக்கு எழுத நேரமில்லை.

எண்பது பேர் இருந்தார்கள். முதல் அட்டையில் உன் பெயர், தனியாக, நீ கேட்ட மாதிரி. பென்வார்டன் எழுந்து நின்று அதை உரக்கப் படித்தார். நாய் வந்தபோது சிரிப்பு. துக்க உடை வந்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தார். நாற்பத்திரண்டாவது சுருளில் கைகள் வந்ததும் பியானோக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. பிறகு உன் முடிவு, ஒலியே இல்லாமல் ஓடியது. கத்தி நிற்கவில்லை. விளக்கு போட்டதும் உடனே யாரும் எழுந்திருக்கவில்லை. "இத எழுதின அம்மா யாரு, உயிரோட இருக்காங்களா?" என்று இரண்டு பேர் என்னைக் கேட்டார்கள். விட்பியில் இருக்கிறார் என்றேன்.

நெகட்டிவும் பிரதியும் பென்வார்டனின் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. அங்கே அதற்கு ஒன்றும் ஆகாது. நீ இனி இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. உன் அம்மாவிடம் சொல், கை பொருத்தமாகவே இருந்தது.

கொட்டகையை நாளை ஒப்படைக்கிறேன். பிறகு என்ன செய்வது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. ஒரு தையல் இயந்திரக் கடையில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்கிறார்கள்.

உன்
கிளெமென்ட் ராட்லி


விட்பி
அக்டோபர் 30, புதன்

அன்புள்ள முதலாளி,

உங்கள் கடிதத்தை ரூபனுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். எதற்கும் அசையாத மனுஷன், "பியானோக்காரன் நிறுத்திட்டானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு நான் ஸ்டெய்த்ஸுக்குப் போய் அம்மாவுக்குப் படித்தேன். முழுக்கக் கேட்டாள்.

"நான் பாக்கணும்" என்றாள்.

"லண்டன்ல இருக்கும்மா."

"லண்டனுக்கு ரயில் போகலியா?"

வாழ்நாளில் அவள் ரயில் ஏறியதில்லை. குளிர் வந்துவிட்டால் இந்த வருடம் முடியாது, அடுத்த வருடம் என்பது அவள் வயதில் பேச்சுக்குத்தான். நாளைக் காலை முதல் வண்டிக்கு ரூபன் டிக்கெட் வாங்கிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி தொப்பி கொடுத்திருக்கிறாள். இன்று பிற்பகல் முழுதும் அம்மா கைகளை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க எல்லாரும் பாப்பாங்கல்ல" என்றாள்.

பெரிய கூட்டமோ பியானோவோ வேண்டாம். பென்வார்டனிடம் சொல்லி ஒரே ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், வெள்ளைச் சுவர் இருந்தால் போதும். அவர் விலாசம் எனக்குத் தெரியாது, அதனால் நேராக உங்கள் வீட்டுக்கே வருகிறோம். நான்கு மணிக்குள் வந்துவிடுவோம்.

பதில் எழுத வேண்டாம். நாளை இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் யார்க் நகரத்தைத் தாண்டியிருப்போம்.

ஹெஸ்டர்